உங்கள் ஊர்ப் புத்தகப்படி பாஸ்

பிப்ரவரி 3

அன்புள்ள நெருப்புக்கோழி அக்காவுக்கு,

நானும் இவளும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? தீச் சோதனைக்கூடத்து ஊதுகுழாய்ச் சத்தத்தில் இருந்த கொஞ்சமும் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். போன வாரம் டெலிபோன் பூத்தில் நின்று நான் கத்திய கத்தலில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் நம் குடும்பக் கதையைத் தெரிந்துகொண்டார்கள். நீ மட்டும் கடைசிவரை "யாரு பேசுறது?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாய். இனிமேல் உனக்கும் எனக்கும் கடிதம்தான்.

இதோடு ஒரு பார்சல் வரும். பிரித்துப் பார்த்துவிட்டுத் திட்டாதே. உன் மேஜைக்கு மேலே மாட்டிக்கொள்ள நானே வரைந்த நெருப்புக்கோழி. உன்னைப் பார்த்து வரையவில்லை, கழுத்து மட்டும் தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது. வரைந்திருக்கும் தகட்டைப் பார். போர்டு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பெரிய வரம். எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய உயரக் கட்டடத்துக்கு வெளியே புதுச் சட்டை மாட்டுவது போல இந்தத் தகடுகளை மாட்டுகிறார்கள். மிச்சத் துண்டுகளை அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியம், நடுவில் கறுப்பாக ஏதோ வைத்து ஒட்டியிருக்கிறது. கத்தியை வைத்தால் வெண்ணெய் மாதிரி போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அதே கட்டடத்தில் பன்னிரண்டாவது மாடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. வாங்கலாமா என்று யோசனை. திடீரென்று என்ன சொந்த வீட்டு ஆசை என்று கேட்காதே. அந்தத் தகட்டை உன் அடுப்பில் ஒருமுறை வாட்டிப் பார்த்துச் சொல். நீ சரி என்றால்தான் கையெழுத்துப் போடுவேன். இதை மட்டும் விளையாட்டாக எழுதவில்லை.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
தம்பி

மார்ச் 1

தம்பிக்கு,

காதைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் இருவரும் சுகம் என்பதில் சந்தோஷம். உன் படத்தைப் பார்த்துக் கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். உலைக்காரர், "கண்ணு அப்படியே நீங்கதான்மா" என்றார். அவருக்குப் பதில் சொல்லவில்லை, உனக்கு நேரில் இருக்கிறது.

கோழிக்குக் கீழே வெறுமையாக இருந்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்துச் சோதித்தேன். எங்கள் வேலை உனக்குத் தெரியாது அல்லவா, சொல்கிறேன். ஒரே கதவைச் சோதிக்க ஒரு நாட்டில் ஒரு விதி, பக்கத்து நாட்டில் வேறு விதி. அலமாரி நிறைய விதிப்புத்தகங்கள் வைத்திருக்கிறோம். சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டுப் புத்தகத்தை மேஜையில் விரித்துக்கொண்டுதான் பர்னரைப் பற்றவைப்போம். அது எங்கள் தொழில் மரியாதை. உனக்காக உங்கள் ஊர்ப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, அது சொன்னபடி ஒன்றும் குறையாமல் செய்தேன். தகடு கொஞ்சம் கறுத்தது, லேசாக நெளிந்தது. தீப்பிடிக்கவில்லை.

உங்கள் ஊர்ப் புத்தகப்படி பாஸ். பயப்படாமல் கையெழுத்துப் போடு.

அவள் ஏன் இந்தத் தடவை ஒரு வரிகூட எழுதவில்லை? என்மேல் ஏதாவது வருத்தமா? கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். உன் கடிதம் வந்த அன்றே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீடு விற்கும் ஆபீசில் இருந்தவரிடம், "எங்க அக்கா பாஸ் போட்டாச்சு சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏப்ரல் முதல் வாரம் குடிபோகிறோம்.

தகடு மாட்டுகிற ஆட்களோடு சிநேகமாகிவிட்டேன். ஜன்னலைச் சுற்றி அளவு சரியாக வராத இடத்தில் அங்கேயே நின்று வெட்டி மாட்டுகிறார்கள். நானும் இரண்டொரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். வெட்டிய ஓரத்தை மூட எதுவும் வைப்பதில்லை. எங்கள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால் சுற்றிலும் அந்தக் கறுப்புக் கோடு தெரிகிறது. தகட்டுக்குப் பின்னால் சுவர் வரைக்கும் கை நுழைகிற இடைவெளி. காற்றோட்டத்துக்காம். அழகாகத்தான் இருக்கிறது.

சின்னதாக ஓர் அறை உண்டு, வெளிச்சுவரை ஒட்டி, பெரிய ஜன்னலோடு. மஞ்சள் வர்ணம் அடித்திருக்கிறேன். நீ வந்தால் தங்கத்தான், வேறென்ன. இவளுக்குக் கொஞ்சம் அசதி, அதனால்தான் எழுதவில்லை. லிஃப்ட் இருக்கிறது, அது ஒன்றே பெரிய நிம்மதி.

வேளைக்குச் சாப்பிடு.

தம்பி

ஏப்ரல் 4

தம்பி,

நலம் விசாரிக்க மனசு நிலையில் இல்லை. இன்று மத்தியானம் உனக்குத் தந்தி கொடுத்தேன். 'குடிபோக வேண்டாம். கடிதம் வருகிறது.' அந்தக் கடிதம் இதுதான்.

கறுப்புக் கோடு என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் தலையைத் தூக்கி நெருப்புக்கோழியைப் பார்த்தேன். இத்தனை நாள் அதன் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். இன்றுதான் ஓரத்தைப் பார்த்தேன்.

நான் சோதித்தபோது அந்தத் துண்டை இரும்பு ஃபிரேமில் செருகினேன். உங்கள் ஊர்ப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. நாலு ஓரத்தையும் ஃபிரேம் மூடிக்கொண்டது. சுடரை முகத்தில் மட்டும் காட்டினேன், அலுமினியம் தாங்கிக்கொண்டது. சுடரை ஓரத்தில் காட்டச் சொல்லும் வேறொரு நாட்டுப் புத்தகம் பக்கத்துத் தட்டில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். உன் வீட்டுக்கு உங்கள் ஊர்ப் புத்தகம்தான் பொருத்தம் என்று நான் நீட்டவில்லை. நீ கேட்டது எரியுமா எரியாதா என்று. நான் சொன்னது பாஸா ஃபெயிலா என்று.

இன்று கோழியைக் கழற்றி, ஃபிரேம் இல்லாமல் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தில் சுடரைக் காட்டினேன். முதலில் கால்கள் போயின. நடுவில் இருந்த கறுப்பு வெறும் பிளாஸ்டிக். அது உருகி எரியும் சொட்டுகளாகக் கீழே விழுந்தது. விழுந்த இடத்திலும் அணையாமல் எரிந்தது. நெருப்பு இரண்டு தகட்டுக்கும் நடுவே நுழைந்து கழுத்து வரைக்கும் ஒரே ஓட்டமாக ஏறிவிட்டது. இது கையகலத் துண்டு. உங்கள் கட்டடத்தில் கீழிருந்து மேல்வரை இதுதான் இருக்கிறது, பின்னால் புகைபோக்கி மாதிரி இடைவெளி வேறு.

நெருப்போடு பிழைப்பு நடத்துகிறவள் நான். இன்று கேஸை மூடக்கூடத் தோன்றாமல் பின்வாங்கினேன். உலைக்காரர்தான் ஓடிவந்து மூடினார்.

போகாதே. போயிருந்தால் வெளியே வந்துவிடு. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 30

தம்பிக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தந்திக்கும் பதில் இல்லை, கடிதத்துக்கும் பதில் இல்லை. என்மேல் கோபமிருந்தால் நன்றாகத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்காதே.

காலையில் பேப்பர் வந்ததும் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறேன். திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று 'மாடிக் குடியிருப்பில்' என்று ஒரு தலைப்பைப் பார்த்ததும் பேப்பரை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். படித்தால் திருட்டு. திருட்டு என்று தெரிந்ததும் சாமி கும்பிட்டேன், எவன் வீட்டிலோ திருட்டுப் போனதற்கு.

சுகம் என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

அக்கா

மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். இவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

இவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் உங்கள் தந்தியும் கடிதமும் இருந்தன. தந்தி பழைய வீட்டுக்குப் போய், அங்கிருந்து யாரோ இவர் கடையில் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் குடிவந்த பிறகுதான் கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் என் எதிரில் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். வந்த நாளிலிருந்து ஜன்னல் ஜன்னலாகப் போய் மோந்து பார்க்கிறார். "என்னங்க தேடுறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, பெயின்ட் வாடை போயிருச்சான்னு பாக்குறேன்" என்கிறார். கீழ்வீட்டுக்காரர் பால்கனியில் சிகரெட் பிடித்தால் அவர் அணைக்கும் வரை இவர் அந்த இடத்தை விட்டு அசைவதில்லை. வீடு பிடித்துப்போய்த்தான் இப்படிச் சுற்றிவருகிறார் என்று நினைத்தேன்.

என்னிடம் ஏன் மறைத்தார் என்று புரிகிறது. நாங்களும் உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறோம். எனக்கு ஆறு மாதம் அண்ணி. முன்பு இரண்டு தடவையும் உடனே உங்களுக்கு எழுதினோம், இரண்டு தடவையும் நிலைக்கவில்லை. நீங்கள் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர்கள் பெட்டியிலேயே இருக்கின்றன. மறுபடி உங்களைப் பின்ன வைத்து அழவைக்க வேண்டாம், குழந்தை கைக்கு வந்ததும் சொல்லலாம் என்று நான்தான் தடுத்தேன். நான் படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் லிஃப்ட் இருக்கும் வீடாகத் தேடினார். மஞ்சள் அறை அதற்குத்தான்.

பழைய வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் உயரமாக நிற்கும் எல்லாக் கட்டடத்துக்கும் இதே தகடுதான். எனக்குப் போய்த் தங்க அம்மா வீடும் இல்லை, தூரப் பயணமும் கூடாதாம். உங்கள்மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை அண்ணி. என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள். பயத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

உங்கள்
தம்பி மனைவி

மே 20

என் கண்ணுக்கு,

நீயும் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்கணும். உன் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உலைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன் புருஷனுக்கு இதைக் காட்டிவிடு. இனிமேல் அந்த வீட்டில் ஒளிவுமறைவு வேண்டாம், பயத்தை ஆளுக்குப் பாதியாகச் சுமங்கள். மஞ்சள் அறையில் யாரும் படுக்காதீர்கள். வாசலுக்கும் மாடிப்படிக்கும் பக்கத்தில் இருக்கும் அறைக்குக் கட்டிலை இழுத்துப் போடச் சொல். வெளியே புகை என்றால் ஜன்னலையெல்லாம் மூடிவிட்டுக் கிளம்பு, கதவைச் சாத்திக்கொண்டு போ. லிஃப்ட் பக்கமே திரும்பாதே. ஏறத்தான் டாக்டர் வேண்டாம் என்றார், மெல்ல இறங்கலாமா என்று கேட்டுவை. 'உள்ளேயே இருங்க, ஒண்ணும் ஆகாது' என்று யார் சொன்னாலும் கேட்காதே. நான் சொன்னால்கூடக் கேட்காதே, ஒருதரம் சொன்னது போதும்.

அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆபீசில் போய்க் கேட்டால் சான்றிதழைக் காட்டுவார்கள். அது போலி இல்லை. நான் செய்த அதே சோதனை, நான் போட்ட அதே பாஸ். அதனால்தான் அவர்களிடம் வாதாட முடியாது. கண்ணால் பார்க்க வைக்கணும். அவனிடம் மிச்சத் துண்டுகள் இருக்கும். வெட்டவெளியில், காற்று இல்லாத பொழுதில், ஓர் இரும்புச் சட்டத்தில் இரண்டு தகட்டை மேலும் கீழுமாகத் தொங்கவிட்டு, பின்னால் இடைவெளி விட்டுப் பலகை வைத்து, கீழ் ஓரத்தில் பற்றவைக்கட்டும். மண்ணும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கணும். ஆட்கள் நன்றாகத் தள்ளி நிற்கணும். நீ வீட்டிலிருந்தும் பார்க்காதே.

இந்தத் தடவை பின்னவில்லை. ஊசியைக் கையில் எடுக்கவே பயமாக இருக்கிறது.

உன் அண்ணி

ஜூன் 14

அக்காவுக்கு,

இவள் சுகம், நடமாடுகிறாள். என்னைப் பற்றி என்ன எழுத?

உன்னைத் திட்டுவதற்கென்று உட்கார்ந்து பல தாளைக் கிழித்துவிட்டேன். நீ பாஸ் என்று எழுதிய கடிதம் இன்னும் என் பர்சில்தான் இருக்கிறது. தந்தி வந்த அன்று அதைத்தான் எடுத்து எடுத்துப் படித்தேன். பாஸ் என்றுதானே அக்கா எழுதியிருக்கிறாள், தந்திக்காரன் ஏதோ மாற்றி அடித்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. அதற்கு மேல் யாரிடம் என்ன சொல்வது? அதனால்தான் எழுதவில்லை. கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

ஆபீசில் நீ சொன்னபடியே சான்றிதழைக் காட்டினார்கள். "இந்த நாட்டுச் சட்டப்படி பாஸான சரக்கு சார் இது. உங்க அக்கா ஊர்ச் சட்டமெல்லாம் இங்க செல்லாது" என்றார் அன்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தவர். "நெருப்புக்குத் தெரியுமா சார் இது எந்த ஊர்னு?" என்று கேட்டேன். காபி சாப்பிடப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டடத்துக்கு எதிரே இருக்கும் மைதானத்தில் செய்தேன். கடை போர்டு மாட்டுகிற இரும்புச் சட்டம் இருந்தது, அது உதவியது. வீடு வீடாகப் போய் அழைத்திருந்தேன். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் இருக்கும் கணக்கு வாத்தியார், சிகரெட் பிடிப்பவர் அவர்தான், நாற்காலியே கொண்டுவந்துவிட்டார். "என்னப்பா, பொங்கி முடியுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. எனக்கே ஒரு நிமிஷம், அக்கா ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டாள் என்று ஆசை வந்தது. அப்புறம் அந்தக் கறுப்பு கண்ணீர் விடுவது மாதிரி உருகியது. ஒவ்வொரு சொட்டும் எரிந்துகொண்டே விழுந்தது. திடீரென்று பின்னாலிருந்து நெருப்பு சீறிக்கொண்டு மேல் தகட்டைத் தாண்டி எழுந்தது. வாத்தியார் நாற்காலியை விட்டுவிட்டு ஓடினார். யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினேன், கீழே விழுந்தது அணையவே மாட்டேன் என்றது. அணைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் கழுத்தைத் தூக்கி அவரவர் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாத்தியார் அப்புறம் வீட்டுக்கு வந்தார். சிகரெட் பெட்டியை எங்கள் மேஜைமேல் வைத்தார். "தெரியாம இருந்தவரைக்கும் நல்லாத் தூங்கினோமேப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

எல்லாரும் ஊர்வலமாக ஆபீசுக்குப் போய் நின்றதில் தகட்டையெல்லாம் கழற்ற ஒத்துக்கொண்டார்கள். தெருப்பக்கச் சுவரிலிருந்து ஆரம்பம். எங்கள் பக்கம் கடைசி. இன்னும் பல மாதம் ஆகும், குழந்தை அதற்கு முன்னால் வந்துவிடும். அதுவரை மாடிக்கு ஒருவராக முறை வைத்துப் படிக்கட்டில் விழித்திருக்கிறோம். என் முறை இல்லாத அன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

பிரசவத்துக்கு நீ கிளம்பி வந்துவிடுவாயோ என்று இவள் ஆசையாகக் கேட்கிறாள். வராதே. உன்னையும் கொண்டுவந்து இதற்குள் வைக்க என்னால் முடியாது.

தம்பி

ஜூலை 1

தம்பிக்கும் என் கண்ணுக்கும்,

இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் மூவரும் சுகமாக இருக்கணும்.

வராதே என்று எழுதியிருக்கிறாய். செவிட்டு அக்காவிடம் அதைச் சொல்லி என்ன பயன்? நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். "வெளிநாட்டு விவகாரத்துல நீங்க ஏம்மா தலையைக் கொடுக்குறீங்க?" என்றார் மேலாளர். என் தம்பி வீட்டுக்குப் போகிறேன், அது எப்படி வெளிநாட்டு விவகாரம் என்று கேட்டேன். இந்தக் கடிதத்தை முந்திக்கொண்டு நானே வாசலில் வந்து நின்றாலும் நிற்பேன்.

தைரியமாக வருகிறேன் என்று நினைக்காதே. அந்தக் கோழி எரிந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. பன்னிரண்டு மாடிக்கும் என் கால்கள் ஏறுமா என்றுகூடத் தெரியவில்லை, லிஃப்டில் ஏறுவேனா என்பதும் சந்தேகம். ஆனால் இங்கே உட்கார்ந்து பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு பயப்படுவதைவிட உங்களோடு இருந்து பயப்படுவது மேல்.

வேறு கோழி வரைந்து வை. இந்தத் தடவை மரப்பலகையில் வரை. மரம் எரியும் என்று எல்லாருக்கும் தெரியும், அது யாரையும் ஏமாற்றாது. ஸ்வெட்டர் ஒன்று பாதி பின்னியிருக்கிறேன். மீதியை அங்கே வந்து முடிப்பேன்.

தூக்கம் வரவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்குக் காது இல்லை, ஆனால் மூக்கு இருக்கிறது. இத்தனை வருஷமாக எரிவதையே மோந்த மூக்கு. இந்தக் கறுப்பு எரிகிற வாடை எதிலும் கலக்காமல் தனியாகத் தெரியும் எனக்கு. தூக்கத்திலும் தெரியும். நான் வந்த பிறகு நீங்கள் இருவரும் படிப்பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

எனக்கு மஞ்சள் அறையில் கட்டில் போடு, வெளிச்சுவரை ஒட்டி. பாஸ் என்று எழுதியவள் படுக்க வேண்டிய இடம் அதுதான். மற்ற ஜன்னலையெல்லாம் ராத்திரி மூடிவை, அந்த ஒரு ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வை. வாடை முதலில் எனக்கு வரட்டும்.

உன் அக்கா